முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

ரோகிணியின் கோபத்தைப் பற்றித் தெரியாதவர்கள் அந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் கோபம். அடையாளத்துக்கு ஓரத்தை மடித்தால் கோபம். புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் வருகிற கோபத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சமயநல்லூரில் வயலை நம்பிப் பிழைத்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலையோரம் இருக்கும் தனியார் கல்லூரியில் முப்பத்தொரு வருடமாக நூலகர். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம். கோபக்காரி, ஆனால் நேர்மையானவள் என்று பேரெடுத்திருந்தாள். இந்த ஆவணியில் அந்தப் பேரில் மண் விழுந்தது.

திருநகரில் ஒரு கல்யாணத்துக்காக விஸ்வநாத் வந்திருந்தான். நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு நூலக அறிவியல் படித்தவன், புனேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியை வைத்த கையோடு பழைய புத்தகக் கடையைத் தேடிக் கிளம்பிவிடுவது அவன் வழக்கம். கல்யாணத்துக்கு வந்தவன் முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பேரைக்கூட விசாரிக்காமல் அவளுக்குப் போன் போட்டான். நல்ல கடையாகக் காட்டு என்றான். ரோகிணி அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள்.

அவளுக்குத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் கூட்டிப்போனாள். போன கடையிலெல்லாம் போட்டித் தேர்வு கைடு, மருத்துவ நுழைவுத் தேர்வு கைடு, போன வருடத்து வினாத்தாள் தொகுப்பு. ஒரு கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, எந்த எக்ஸாமுக்கு சார் என்று விஸ்வநாத்தைக் கேட்டார். அறுபது வயது மனிதனைப் பார்த்து அப்படிக் கேட்டது ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. "பரீட்சை இல்லேன்னா மனுசன் படிக்கவே கூடாதா?" என்று எகிறிவிட்டாள். கடைக்காரர் பாவம், இவளுக்கு என்ன கோபம் என்றே அவருக்கு விளங்கவில்லை.

விஸ்வநாத் சிரித்தான். அவனிடம் ஒரு வழி இருந்தது. புது ஊரில் நல்ல பழைய புத்தகக் கடை வேண்டுமென்றால் போனில் தேடக் கூடாது, புத்தகக் கடைக்காரரிடமும் கேட்கக் கூடாது, பைண்டிங் பண்ணுகிறவரிடம் கேட்க வேண்டும் என்றான். பிய்ந்துபோன பழைய புத்தகத்தைக் காசு கொடுத்துக் கட்டிக்கொள்கிறவன் நிஜமாகப் படிக்கிறவன், அவன் எங்கே வாங்குகிறான் என்பது கட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பைண்டர் ஒருவர் பசைக்கையோடு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே எதிரே இருந்த பாத்திரக்கடையின் மாடியைக் காட்டினார். இத்தனை வருடம் இதே ஊரில் குப்பை கொட்டிவிட்டு, புனேக்காரன் வந்துதான் தனக்கு இதைக் காட்ட வேண்டியிருக்கிறது என்று ரோகிணிக்கு அதற்கும் எரிச்சல் வந்தது.

மாடியில் இருந்தது கடை. அழகுராஜா என்ற நாற்பது வயதுக்காரர் நடத்துகிறார். பாடவாரியாக அடுக்கி, பூச்சி உருண்டை போட்டு, நின்று படிப்பவர்களுக்கு ஸ்டூலும் போட்டிருந்தார். ரோகிணியின் கோபம் பத்து நிமிடம் அடங்கியது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அது அடங்குவது அபூர்வம்தான்.

உள்ளேயிருந்து விஸ்வநாத் குரல் கொடுத்தான். கையில் வைகைப் பாசனக் கண்மாய்களைப் பற்றிய பழைய கெட்டி அட்டைப் புத்தகம். மடித்துவைத்த வரைபடங்கள் ஒன்றுகூடக் கிழியவில்லை, இது கிடைக்கவே கிடைக்காது என்று குதித்தான். ரோகிணி வாங்கிப் பார்த்தாள். தலைப்புப் பக்கத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். அவள் கை தானாக முப்பத்தேழாம் பக்கத்துக்குப் போனது.

நூலகங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் பக்கத்து முத்திரையைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அமுக்குகிறவனுக்காக, உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தில் இன்னொரு முத்திரையைக் குத்தி வைப்பார்கள். எந்தப் பக்கம் என்பது அந்த நூலகத்துக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ரோகிணியின் பக்கம் முப்பத்தேழு. அங்கே ஊதா நிற வட்ட முத்திரை இருந்தது. அதற்குள் அவள் கையெழுத்தில் பதிவெண்.

பக்கத்துப் புத்தகத்தை உருவினாள். முப்பத்தேழில் முத்திரை. அதற்கடுத்ததிலும் முத்திரை. அந்த அலமாரி முழுக்க அவள் புத்தகங்கள்.

போன தை மாதம் கல்லூரிச் செயலர் நூலகத்துக்கு வந்தார். கம்ப்யூட்டர் ஹாலுக்கு இடம் வேண்டும், பழைய புத்தகங்களில் ஆயிரத்தெண்ணூறை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடலாம் என்றார். வேறு எது சொல்லியிருந்தாலும் ரோகிணி சண்டை பிடித்திருப்பாள். பிள்ளைகள் படிக்கும் என்றதும் பட்டியல் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். வெளியே போகும் புத்தகத்தில் 'கழிவு செய்யப்பட்டது' என்று சிவப்பு முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. அவள் குத்தவில்லை. முதன்முதலாக ஒரு நல்ல புத்தகத்தைக் கையில் வாங்குகிற பிள்ளை, அதில் கழிவு என்று படிக்கக் கூடாது என்று நினைத்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் மீறிய ஒரே விதி அது.

கையிலிருந்த புத்தகத்தோடு அவள் நேராக அழகுராஜாவிடம் போய், திருட்டுச் சரக்கு விற்கிறாயா என்று கேட்டாள். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க. எடை போட்டு, பில்லு வாங்கி எடுத்தாந்த சரக்கு இது. காலேசு வேன்லதான் வந்து எறங்குச்சுன்னு பேப்பர்க் கடைக்காரரு சொன்னாரு."

பழைய பேப்பர்க் கடை பில்லையும் எடுத்துப் போட்டார். பட்டியலில் அவள் கையெழுத்துப் போட்டதற்கு மூன்றாம் நாள் தேதி அதில் இருந்தது. அதற்குள் விஸ்வநாத் நாலைந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டு, சத்தம் போடாமல் ஒன்றைச் சொன்னான். கழிவு முத்திரை இல்லாததால் இவை இன்றைக்கும் கல்லூரியின் சொத்து, விற்றவன் யாராக இருந்தாலும் திருடன். அழகுராஜாவின் முகம் செத்துப்போனது. களவு வாங்கியவன் என்று பேர் வந்துவிடக் கூடாது என்று பில்லுக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த அலமாரியை ஒரு பழைய வேட்டியால் மூடினார். விவகாரம் முடிகிறவரை அதிலிருந்து ஒன்றும் விற்க மாட்டேன் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, ரோகிணி பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை ரெங்கம்மாள் அவளை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் சேர்ந்து கூட்டி, சுண்ணாம்பு அடித்து, மர ஆசாரியிடம் கெஞ்சி வாங்கிய பலகைகளைச் செங்கல்மேல் வைத்து அடுக்குப் பண்ணியிருந்தார்கள். சுவரில் 'எங்கள் நூலகம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பலகைகளில் ஒரு புத்தகமும் இல்லை.

புத்தகம் பின்னாலேயே வருகிறது என்று சொல்லி, வந்துசேர்ந்ததாக முன்கூட்டியே ரசீதில் கையெழுத்து வாங்கிப் போனார்களாம். செயலர் பிள்ளைகளோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாராம். அப்புறம் போன் போட்டால் எடுப்பதில்லை. ரெங்கம்மாள் அழுதார். பிள்ளைகள் தினமும் கேட்டுக் கேட்டு, ஆனி மாதத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டன என்றார்.

ரோகிணிக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. செயலரை நினைத்துப் பாதி எரிந்தது, தன்னை நினைத்து மீதி. முக்கால் மணி நேர பஸ் பயணம். ஏழு மாதத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். பக்கத்தின் ஓரம் மடிந்ததற்கெல்லாம் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தவள், ஆயிரத்தெண்ணூறு புத்தகத்தை நம்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பியே பார்க்கவில்லை. தன்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நாக்கு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கல்லூரிக் கல்வி இயக்குநர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். போனில் கேட்ட விஸ்வநாத் பதறினான். நீ ஏமாற்றப்பட்டவள் என்று மட்டும் எழுது, முத்திரை குத்தாத கதையை விட்டுவிடு, பதினாலு மாதத்தில் பென்ஷன் வர வேண்டியவள் வம்பை ஏன் விலைக்கு வாங்குகிறாய் என்றான். ரோகிணி போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

திங்கட்கிழமை செயலரின் அறைக்குப் போனாள். அவர் உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். புத்தகம் விற்றதை அவர் மறுக்கவே இல்லை. யாரும் தொடாத புத்தகம்தானே மேடம், இரவல் தேதிச் சீட்டைப் பாருங்கள், பத்து வருடமாக வெள்ளைத்தாள் என்றார். அதில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்மைதான். கிழித்துவிடுவார்கள் என்று பயந்து பையன்களுக்கு அவற்றைக் கொடுக்காமல் வைத்திருந்தவளும் அவள்தான். உண்மையாக இருந்ததாலேயே அது இன்னும் சுட்டது.

அப்புறம் செயலர் டிராயரிலிருந்து அவள் போட்டுக் கொடுத்த பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இதுல கையெழுத்து யாரோடது மேடம்? முத்திரை குத்தாம வெளிய அனுப்புனது யாரு? கம்ப்ளைன்ட்டு போச்சுன்னா மொதல்ல மாட்டுறது நீங்கதான். ரிட்டயர்டாகுற நேரம். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

ரோகிணி காபியைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து நாலு பக்கத் தாளை எடுத்து, அந்தப் பட்டியலுக்கு மேலேயே வைத்தாள். அவள் குரலில் அன்றைக்குச் சத்தம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

"இது நகல் சார். ஒரிஜினல் காலைலயே பதிவுத் தபால்ல போயிருச்சு. தப்புப் பண்ணவங்க லிஸ்ட்டுல மொதப் பேரா எம்பேரைத்தான் எழுதியிருக்கேன். போய்ச் சேந்துச்சான்னு பார்க்காம விட்டதையும் எழுதியிருக்கேன், முத்திரை குத்தாததையும் எழுதியிருக்கேன். ரெண்டாவது பேரை மட்டும் நீங்க வாசிச்சுப் பாருங்க."

செயலர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். அவர் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடிக்கட்டும் என்று ரோகிணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.