ரோதை முனிக்கு ஐந்து மணிப் பூசை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையை மூடி ஒன்பது வருடமாகிவிட்டது. இப்போது அது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டல். கொழுந்து வாட்டிய மாடியில் மெத்தை போட்டிருக்கிறார்கள். கீழே, ரோதை என்கிற பெரிய இயந்திரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கல்லும் சூலமுமாக நின்ற ரோதை முனியை மட்டும் அப்படியே வைத்து, தலைக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கையும் மாட்டிவிட்டார்கள்.

அந்த முனிக்கு முப்பத்தொரு வருடம் சூடம் காட்டியவர் ஆண்டியப்பன். பூசாரியெல்லாம் இல்லை, இயந்திரம் ஓட்டியவர். முனிதான் ரோதைக்குக் காவல். விடியலில் அவருக்குச் சூடம் காட்டாமல் சக்கரத்தைச் சுற்றவிட, மீசை முறுக்கிய எந்தத் துரைக்கும் துணிச்சல் வந்ததில்லை. வருடத்துக்கு ஒரு சேவல், ஒரு கட்டுச் சுருட்டு. அதெல்லாம் ஒரு காலம்! சக்கரம் சுற்றத் தொடங்கினால் தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சுவர் அதிரும். தொட்டில் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும்.

ஓட்டல் மேனேஜர் சிப்னாஸ் ஹட்டன்காரர், மரியாதை தெரிந்தவர். ஆண்டியப்பனை வீடு தேடி வந்தார்.

"அண்ணே, அந்திக்கு அஞ்சு மணிக்கு வந்து ஒரு பூசை செஞ்சு காட்டுவீங்களா? வாற ஆக்கள் பாக்க ஆசைப்படுறாங்க."

செஞ்சு காட்டுவதா? ஆண்டியப்பனுக்குச் சுருக்கென்றது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஒன்பது வருடமாகச் சூடம் காணாத முனியை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. சரி என்றார்.

மறுநாள் தலைமுழுகி, வேட்டி கட்டிப் போனார். பத்துப் பதினைந்து பேர் கைப்பேசியோடு காத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். "முனியப்பா, கோவிச்சுக்காத" என்று முணுமுணுத்தபடி சூடத்தைக் காட்டினார். சூடம் அணைந்ததும், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கையை உயர்த்தி, "ரோதைய வுடு!" என்று சத்தம் போட்டுவிட்டார்.

போட்டுவிட்டு நின்றார். சக்கரத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசி, தரையோடு இறுக்கி வைத்திருந்தார்கள். அது எங்கே அசையும்? கூட்டம் படபடவென்று கைதட்டியது. ஆண்டியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

சிப்னாஸ் பதறிப்போய் ஓடி வந்தார். "அண்ணே, ஏதும் பிழையாப் போச்சா? நாளைக்கு வர மாட்டீங்களா?"

"வர்றேங்க. நா வராட்டி அவருக்கு யாரு இருக்கா?" துண்டால் கண்ணைத் துடைத்தார் ஆண்டியப்பன். "கைதட்ட வேணாம்னு மட்டும் சொல்லிருங்க. அவருக்கு மெசின் சத்தந்தான் பழக்கம்."