கோமளாம்மா கையெழுத்திடாத தாள்

போன செவ்வாய்க்கிழமை காலை திருப்பதியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் கோமளாம்மாவின் மகள். "அம்மா போயிட்டாங்க சார். உங்களுக்குச் சொல்லணும்னு எழுதி வெச்சிருந்தாங்க." அன்று முதல் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவரோடு சித்தூரில் வேலை பார்த்த நண்பர்களில் மிச்சமிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அறியாத ஒன்றும் இதில் உண்டு.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லை எங்கே விழும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். மழை பொய்த்த வருடம். எந்தக் கிராமத்துக்கு நிவாரணச் சாலை வேலை கொடுப்பது என்று முடிவு செய்ய, வீடு வீடாகப் போய் வாழ்க்கை நிலையை எழுதிவரச் சொன்னார்கள். நகரிக்குக் கிழக்கே ஒரு கிராமம் எனக்கும் கோமளாம்மாவுக்கும் வந்தது.

முதல் வீடு பெரிய விவசாயியுடையது. கூடத்தில் மூன்று நெற்குதிர்கள். "வயித்தக் கழுவறதே கஷ்டமா கீதும்மா" என்றார் அவர். கோமளாம்மா சிரிக்காமல் குதிர்களை எண்ணி எழுதிக்கொண்டார். ஊரில் அப்படி இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன.

கூலிக்காரர்கள் தெருவில் நேர்மாறாக நடந்தது. மாத வருமானம் எவ்வளவு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எங்களுக்கு இன்னா கொறச்சல்? ரெண்டு வேளையும் சோறுதான்" என்றாள். ஏழை என்று எழுதினால் ஊரை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ வதந்தி கிளப்பியிருந்தார்கள். நான் அப்படியே எழுதிக்கொண்டு நகர்ந்தேன். கோமளாம்மா உள்ளே போய் அடுப்பருகே உட்கார்ந்தார். சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

"நேத்து யாரும்மா துன்னாங்க?"

அவள் ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினாள். பிறகு, "நேத்து பெரியவன் முறை. இன்னிக்கு சின்னவன்" என்றாள்.

"உன் முறை எப்போ?"

அவள் சிரித்தாள். கோமளாம்மாவின் பேனா அதற்குமேல் ஓடவில்லை.

அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி மொத்தத்தையும் கூட்டி வகுத்தார். கிராமம் நடுத்தரம் என்று வந்தது. நடுத்தர ஊருக்குச் சாலை வேலை கிடையாது. கூலித் தெருவைத் தனியாகக் காட்ட வேண்டும் என்றார் கோமளாம்மா.

"ஊருக்கு ஒரே கணக்குதாம்மா. ரூல்ஸ் அப்படி."

"மூணு வீட்டு சோத்தையும் ஒரு தெருவோட பசியையும் ஒண்ணா கலக்கினா, எல்லாரும் அரை வயிறு துன்னாமாதிரி வரும் சார். அந்த ஊர்ல அரை வயிறு துன்னவங்க யாருமே இல்லியே."

கோமளாம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு வாரத்தில் பலமனேருக்கு மாற்றல் வந்தது. அந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. நான்தான் போட்டேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை.

சாலை வேலை வேறு ஊருக்குப் போயிற்று. அந்தத் தெருவில் பாதிப்பேர் குழந்தைகளோடு ரயிலேறினார்கள். பிறகு எல்லை முடிவாகி அந்த ஊர் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எங்கள் தாள் மட்டும் சித்தூர் அலமாரியில் தங்கிவிட்டது. அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகு திருப்பதி பேருந்து நிலையத்தில் கோமளாம்மாவைப் பார்த்தேன். நலம்கூட விசாரிக்காமல், "அந்தத் தெருக்காரங்க யாரையாச்சும் பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். நின்ற இடத்திலேயே கையெழுத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் சார். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? ஆனா மன்னிக்க நான் யாரு? பசிச்சது எனக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்போதும் செய்தித்தாளில் 'சராசரி' என்ற சொல் கண்ணில் பட்டால் என்னால் மேலே படிக்க முடிவதில்லை. அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கிவிடுகிறேன். கோமளாம்மா எனக்கு வைத்துவிட்டுப் போனது இந்த நிம்மதியின்மைதான். இதை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டாம்.