வெளிச்சத்தில் தெரிந்த கொலொயிட்

"பிளான்றைப் போடும்," என்றார் பொறுப்பதிகாரி.

"ஏலாது சேர்," என்றேன்.

ஆறு வருட வேலையில் மேலதிகாரி ஒருவரிடம் நான் சொன்ன முதல் 'ஏலாது' அதுதான்.

அனலைதீவில் உவர்க் கிணற்று நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளான்றில் நான் ஒப்பறேற்றர். இரண்டு நாள் அடைமழை அன்று காலைதான் விட்டிருந்தது. பிளான்ற் ஓடுவதைப் பார்க்க மதியப் படகில் மேலிடத்து அதிகாரிகள் சிலர் வர இருந்தார்கள்.

"தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. பிறகென்ன?"

"கொலொயிட் இருக்கு சேர்."

அவர் சிரித்தார். "அஞ்சாம் வகுப்புப் படிச்ச நீர் எனக்குக் கொலொயிட் படிப்பிக்கப் போறீரோ?"

முந்தின மாரியிலும் இப்படித்தான் போடச் சொன்னார்கள். போட்டேன். உப்பை வடிக்கிற மெல்லிய சவ்வான மெம்பிரேன் அடைபட்டது. புதியது வந்து சேரும்வரை ஊர் முழுக்க உவர்த் தண்ணீரைக் குடித்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். உப்பு கரையும். மணல் அடியில் படியும். கரையாமலும் படியாமலும் தண்ணீருக்குள் நிற்கிற மிக நுண்ணிய துணிக்கைதான் கொலொயிட். மழைக்குப் பிறகு களிமண் அப்படி நிற்கும். மணல் பில்டரிலும் தப்பிப் போய் மெம்பிரேனை அடைக்கும். படிகாரம் போட்டால்தான் திரண்டு படியும். அதற்கு ஒரு நாள் வேண்டும்.

வெளிச்சம் வராமல் பம்ப் அறைக் கதவைச் சாத்தினேன். ஒரு கிளாசில் சுத்திகரித்த தண்ணீர், மற்றதில் கிணற்று நீர் வந்து நிற்கும் தொட்டித் தண்ணீர். இரண்டுக்கும் பக்கவாட்டில் ரோச் லைற் அடித்தேன். முதலாவதில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் வெளிச்சம் வெள்ளைக் கம்பிபோல் ஊடே போனது.

"அந்தக் கோடுதான் சேர்."

நன்றாகப் பார்த்தார். நான் கதவைத் திறந்தேன். பார்த்த பிறகும், "அரை மணித்தியாலம் ஓடினா ஒண்டும் ஆகாது. போடும்," என்றார்.

தண்ணீர் பிடிக்க வந்து வாசலில் நின்ற வசந்தி அக்கா விடவில்லை. "சேர், இவன் வாய் திறந்து நாங்களே இண்டைக்குத்தான் காணுறம். எங்கட குடிதண்ணியில விளையாடாதேங்கோ!"

"அப்ப, மறுத்தனான் எண்டு லொக் புத்தகத்தில எழுதித் தாரும்," என்றார் பொறுப்பதிகாரி என்னிடம்.

எழுதிக் கையெழுத்து வைத்தேன். மெயின் சுவிட்சைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். படிகாரத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். வந்தவர்கள் ஓடாத பிளான்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தது. மேல் தண்ணீரை வடித்து ரோச் அடித்தேன், கோடு இல்லை. பிளான்றைப் போட்டேன்.

அடுத்த கிழமை, ஏன் போடவில்லை என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நான் கடிதம் எழுதிப் பழகாதவன். ஒரு வரிதான் எழுதி அனுப்பினேன்: 'கோடு தெரிந்தால் இனியும் போடமாட்டேன்.'