துவக்குப் பள்ளியின் முப்பதாவது ஆள்

துப்பாக்கி சுடப் பழக்கும் பள்ளிக்கு வருட அங்கத்துவம் விற்கிறவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை; யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறவரின் முதுகைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு நிற்கத் தெரிந்தால் போதும். ஜிம், நீச்சல் குளம், காப்புறுதி என்று எதற்காவது ஆள் சேர்த்து வயிறு வளர்த்தவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், தயவுசெய்து என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம்முடைய வலி நமக்குத்தான் தெரியும்.

லண்டனில் பஸ்ஸுக்கும் ரயிலுக்குமான ஒயிஸ்டர் அட்டை புதிதாக வந்திருந்த காலம் அது. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் ஒரு ஜிம்மின் வரவேற்பு மேசையில் இருந்துவிட்டு, கையில் ஜெர்மன் பாஸ்போர்ட்டும் பக்கத்தில் மனைவி ஜெசிந்தாவுமாக ரெய்னர்ஸ் லேனில் வந்து இறங்கியிருந்தேன். இன்னொரு குடும்பத்தின் வீட்டில் ஒரு அறை எங்களுக்கு. சமைக்கக் குசினிக்குப் போவதற்கும் முறை வைத்திருந்தார்கள். தனி வீடு வாடகைக்குக் கேட்ட இடமெல்லாம் நிரந்தர வேலைக் கடிதம் இருக்கிறதா என்றார்கள்.

எனக்குக் கிடைத்த வேலை லண்டனின் மேற்கு ஓரத்தில், புல்வெளி நடுவே இருந்த ஒரு பள்ளியில். இயந்திரம் ஒன்று களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். அதை இரட்டைக் குழல் துவக்கால் சுட்டு உடைக்கப் பழக்குவார்கள். இலங்கையில் எங்கள் பக்கத்தில் துப்பாக்கியைத் துவக்கு என்போம், இனி அப்படியே எழுதுகிறேன். நிபந்தனை ஒன்றுதான்: ஆறு மாதத்தில் முப்பது புதிய அங்கத்தவர்களைச் சேர்த்தால் வேலை நிரந்தரம். சேர்க்காவிட்டால் ஒரு கைகுலுக்கல். அந்தக் கடிதத்துக்காக ஜெசிந்தா மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள்.

மேசைக்குக் கீழே

நேர்முகத்துக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. திங்களில் பள்ளி பூட்டு. புல்லும் வேலியும் இரண்டு வாத்துகளும்தான் இருந்தன. சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லையே என்று மேலாளர் மிஸ்ஸிஸ் பெல் கேட்டபோது, வாத்துகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, இல்லவே இல்லை என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தொலைபேசியில் ஒரு பெண்மணிக்கு அங்கத்துவத்தின் சலுகைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். முதல் வெடி கேட்டது. எப்படிப் போனேன் என்று தெரியாது, மேசைக்குக் கீழே இருந்தேன். மன்னாரை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் முழங்காலுக்கு அது தெரிவதில்லை. ஆனாலும் ரிசீவரை நான் விடவில்லை. குடும்ப அங்கத்துவத்துக்குத் தனிச் சலுகை உண்டு என்பதையும் அங்கிருந்தபடியே சொல்லி முடித்தேன். பயிற்றுநர் கொலின், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், குனிந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தேநீரை அங்கேயே கொண்டுவந்து தரட்டுமா?"

விளையாட்டுக் கழகம்

வீட்டில் நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டுக் கழகம் என்று மட்டும் சொன்னேன். ஜெசிந்தா அதை ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்ல, அடுத்த ஞாயிறு பங்குச் சபைத் தலைவர் என் தோளைத் தட்டி, நம்முடைய பிள்ளைகளுக்கும் உங்கள் இடத்தில் ஏதாவது பழக்கலாமே என்றார். நான் இருமிச் சமாளித்தேன்.

மூன்றாவது வாரம் என் கோட்டைத் துவைக்க எடுத்தவள் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டு அப்படியே நின்றாள். அந்த வெடிமருந்து வாசனையை எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, இயந்திரம், சட்டப்படி நடக்கிற இடம், எல்லாரும் கண்ணியமான ஆட்கள், போகும்போது துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். கோட்டை வாளிக்குள் போட்டாள். பிறகு சொன்னாள்: "ஊரிலை துவக்கைச் சும்மா தாறம் எண்டு வீடு வீடா வந்தவங்கள். வேண்டாமெண்டுதான் நாங்கள் ஓடி வந்தனாங்கள். இஞ்ச அதுக்கு ஆக்கள் காசு குடுத்துச் சேருகினமோ?"

சென்னைக்காரரின் அட்டவணை

கம்ப்யூட்டர் வேலைக்காக வந்திருந்த சென்னைக்காரர் ஒருவர். முதல் நாள் இலவசமாகச் சுட்டுப் பார்க்க வந்து எட்டுத் தட்டு உடைத்தார். அடுத்த சனி ஒரு அட்டவணையோடு வந்தார். நீளவாட்டில் மூன்று பள்ளிகள், குறுக்குவாட்டில் பத்தொன்பது கேள்விகள். மழை பெய்தால் கூரை உண்டா, தேநீர் உண்டா, நிறுத்தினால் மீதி மாதங்களுக்கு என்ன, பயிற்றுநர் கோபக்காரரா. கைத்துப்பாக்கி உண்டா என்பது பதினோராவது. அது இந்த நாட்டில் தடை என்றதும் எல்லாப் பள்ளிக்கும் சமமாக ஒரு பூச்சியம் போட்டார்.

நான்கு வாரம் அட்டவணை வளர்ந்தது. வளர வளர எங்கள் பள்ளிதான் முன்னால் நின்றது. ஐந்தாவது சனி பேனாவைத் திறந்து கொடுத்தேன். வாங்கினார், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனாவை வைத்தார், அப்படியே நிறுத்திவிட்டார். என்ன குறை, சொல்லுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு குறையும் இல்லைங்க சார். நேத்து என் ஒய்ஃப்கிட்ட கேட்டேன், சனிக்கிழமை சனிக்கிழமை காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்னு. உடனே சரின்னுட்டாங்க. அதான் யோசனையா இருக்கு."

உண்மை விளம்பி

என் பலவீனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள் என்று கேட்பேன். மாதத்தில் மூன்று தடவைக்குக் குறைவாக வருகிறவருக்கு அங்கத்துவம் வீண், ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டணம் கட்டுவதே நல்லது என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். ஜெர்மனியில் இதற்குப் பாராட்டினார்கள். இங்கே ஒரு டாக்சிக்காரர், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்று அவரை வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், மிஸ்ஸிஸ் பெல் நிற்கிறார். கோபம் இல்லை, உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார்: "அன்ரன், போட்டிப் பள்ளிக்காரர்கள் உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள்?"

டூட்டிங் குடும்பம்

நான்காவது மாதம் டூட்டிங்கிலிருந்து ஒரு குடும்பம், பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர்கள். கணவர் சிவபாலன், மனைவி மாலினி, பதினாறு வயது மகள். காரில் இடியப்பம், சம்பல், சுடுதண்ணீர்ப் போத்தல், விரித்து உட்காரப் பாய். மூன்று பேருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரே படிவத்தில் மூன்று பேர். நான் மனதுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினேன்.

கம்ப்யூட்டர் மறுத்தது. குடும்பம் என்றால் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டுமாம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சிவபாலனுக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் தகப்பனுடையது, கந்தையா. மாலினிக்கும் மகளுக்கும் அந்த இடத்தில் சிவபாலன். ஆகவே தாயும் மகளும் ஒரு குடும்பம் என்றும், கந்தையா என்கிற இந்த மனிதர் அவர்களோடு வந்த விருந்தினர் என்றும், ஒவ்வொரு முறையும் விருந்தினர் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் திரை சொல்லியது. சிவபாலன் கொதித்துப்போனார். பதினெட்டு வருடக் கல்யாணத்துக்குச் சாட்சி கொண்டுவருகிறேன் என்றார். நான் மிஸ்ஸிஸ் பெல்லைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தபோது மாலினி திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத் திருத்த வேண்டாம் அண்ணை, சரியாத்தான் கிடக்கு. ரெண்டு ஷிப்ட் செய்துபோட்டு வீட்டை சாப்பிட மட்டும்தான் இவர் வாறவர்."

படிவத்தில் இல்லாத பெட்டி

எங்கள் படிவத்தின் ஏழாவது கேள்வி: இதற்கு முன் துவக்கைக் கையாண்ட அனுபவம் உண்டா? வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே மாமாவின் பண்ணை, முயல் வேட்டை என்று எழுதுவார்கள். நம்மவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே காற்று எப்படி என்று பார்ப்பார்கள். பிறகு இல்லை என்று எழுதி, அதன் கீழ் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் வைப்பார்கள்.

ஆர்ச்வே முருகன் கோயிலிலிருந்து நேரே, நெற்றியில் திருநீறோடு வந்தார் ஒரு அண்ணை. ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயே இருக்காமல் ஏதாவது பொழுதுபோக்குத் தேடச் சொல்லி டொக்டர் சொன்னாராம். கொலினுக்கு அவரைப் பிடித்துவிட்டது, ஒரு மணி நேரம் மண்ணையும் காற்றையும் பற்றிப் பேசினார்கள். துவக்கைத் தொடவில்லை. படிவத்தை நிரப்பத் தொடங்கியவர் ஏழாவது கேள்வியில் நின்றார். எனக்கு மேலும் ஆறு ஆள் தேவைப்பட்ட நேரம் அது. இல்லை என்று போடுங்கோ அண்ணை, யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, படிவத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "துவக்குக்குப் பின்னாலை நான் நிண்டதில்லைத் தம்பி. முன்னாலை நிண்டிருக்கிறன், ரெண்டு தரம். அதுக்கு இதிலை ஒரு பெட்டியும் காணேல்லையே."

அதற்குப் பிறகு நானும் கொஞ்ச நாள் அந்தப் படிவத்தை யாரிடமும் நீட்டவில்லை. எப்படி நீட்டுவது?

கடைசிச் சனி

ஆறு மாதம் முடிகிற சனிக்கிழமை காலை என் கணக்கில் இருபத்தொன்பது பேர். மாலை ஐந்து மணிக்குள் ஒருவர் வேண்டும். அந்தப் பதற்றத்தில் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். மத்தியானம் பார்த்தால் ஜெசிந்தா பஸ்ஸில் வந்து இறங்குகிறாள், கையில் சோறும் மீன் குழம்பும், இரண்டு காதுக்குள்ளும் பஞ்சு. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நவம்பரில் லண்டன்காரர் வாணவெடி விடும் கிழமையெல்லாம் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி உட்கார்ந்திருப்பாள். ஜெர்மனியில் புதுவருடத்துக்கும் இதேதான். நான் கதவுக்கு வெளியே நின்று வேறு கதை பேசுவேன்.

கொலின் அவளை வரவேற்று, முதல் தடவை எல்லாருக்கும் இலவசம், சுட்டுப் பார்க்கலாம் என்றார். அவளுக்கு ஏலாது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், சாப்பாட்டுப் பையை என் கையில் தந்தாள், பஞ்சைக் கழற்றிவிட்டுக் காதுமூடியைக் கேட்டு வாங்கினாள். முதல் மூன்று தட்டும் தப்பிப் போயின. நான்காவது உடைந்தது. உடைந்த இடத்தை, அங்கே ஒன்றும் இல்லாத வானத்தை, அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோட்டாக்கள் முடியும்வரை சுட்டாள். தோளைத் தேய்த்துக்கொண்டு மேசைக்கு வந்து படிவம் கேட்டாள்.

முப்பது. எனக்குக் கடிதம் தெரிந்தது, தனி வீடு தெரிந்தது, முறை வைக்காத குசினி தெரிந்தது. மிஸ்ஸிஸ் பெல் ஓடிவந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்து வாழ்த்தினார். பிறகு படிவத்தைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. ஊழியரின் மனைவிக்கு அங்கத்துவம் இலவசமாம். இலவசம் என்பதால் கணக்கில் சேராதாம். மேலிடத்தோடு இரண்டு தரம் தொலைபேசியில் மன்றாடினார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஐந்து மணிக்கு எனக்குக் கைகுலுக்கல் கிடைத்தது. கொலின் தன் தேநீர்க் குவளையை எனக்குத் தந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, வாத்துகளைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன், இனி நீ ஊழியர் மனைவி இல்லை, முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், உன்னால் மாதத்தில் இரண்டு சனிதான் வர முடியும், அதற்கு அங்கத்துவம் வீண், வேண்டாம் என்று. இதே கணக்கை நூறு பேருக்குச் சொன்ன வாய். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வேலை இன்னொண்டு வரும். எனக்கு இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அந்தச் சத்தம் பயமில்லாமப் போச்சு. நீங்கள் விலையை மட்டும் சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை அவள் தானே போய்ச் சேர்ந்தாள். எனக்குச் சில மாதத்தில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் வேலையும் கடிதமும் கிடைத்தன. ஆக, வேண்டும் வேண்டும் என்று ஆறு மாதமாக நான் விற்ற இருபத்தொன்பதைவிட, வேலை போன பிறகு வேண்டாம் வேண்டாம் என்று விற்ற அந்த ஒன்றுதான் என் தொழிலில் உருப்படியான வியாபாரம்.