யாழினிக்குக் கைதட்டாதீர்கள்

எங்கள் வேலையில் முதலில் தேய்வது செருப்பு. அடுத்துத் தேய்வது, எல்லாம் படித்துவிட்டோம் என்கிற மிடுக்கு. நான் இலுப்பூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியை. ஆட்டிசம், கற்றலில் சிரமம், ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு என்று ஆளுக்கொரு விதமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் வீட்டிலும் துணை நிற்பது என் பிழைப்பு. அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, வழியில் போகிறவரிடமெல்லாம் அறிவுரை வாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஓர் ஆறுதல் சொல்கிறேன். அறிவுரை சொல்கிற எங்களுக்கும் அடி விழும்.

சந்தனம் வைத்த அட்டை

யாழினிக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச மாட்டாள். ஆனால் எழுத்தைக் கண்டால் விட மாட்டாள். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா சித்ராதான் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறார். பல் தேய்க்க, குளிக்க, சீருடை போட என்று காலையில் எல்லாவற்றுக்கும் போராட்டம் என்று சொல்லி ஒருநாள் அழுதுவிட்டார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளை பதறாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம், கீழே அதன் பெயர் என்று வரிசையாக வரைந்து, லேமினேட் செய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் போராட்டம் அப்படியே இருந்தது. அட்டை எங்கே என்று தேடினேன். சாமி படங்களுக்கு நடுவில், என் தலைக்கும் மேலே தொங்கியது. அட்டையில் பல் தேய்க்கும் பிள்ளையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாழினியின் கண்ணுக்கு எட்டும்படி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். சித்ரா அரைமனதாகத்தான் கழற்றினார்.

"எழுத்து இருக்கிற அட்டைங்க டீச்சர், கால் படுற எடத்துல வைக்க மனசு வரலைங்க."

பஸ் போகிற ரோடு

வீடு ஒருவழியாகச் சீரானதும் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. யாழினி வகுப்பிலிருந்து எழுந்து ஓடினாள். முதலில் மரத்தடி வரை, பிறகு கேட் வரை. ஒருநாள் கேட்டையும் தாண்டி பஸ் போகிற ரோட்டுக்கே போய்விட்டாள். எதிர்க் கடைக்காரர் பிடித்துக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். பிள்ளை இனி வீட்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒருமுறை நான் போய்ச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். வாரத்துக்கு ஒரு மணி நேரம். கூட விளையாட, சண்டை போட ஒரு பிள்ளை இருக்காது. பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

"பத்து நாள் தர்றேன் மேடம். அதுக்குள்ள அந்த ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நீங்க இல்ல, நான்."

சிவப்பு மையில் எழுதியது

மறுநாள் யாழினி படிக்கும் இரண்டாம் வகுப்பின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். யாழினி சொல் அட்டைகளைப் பிசகில்லாமல் அடுக்கினாள். வகுப்பு டீச்சருக்கு மகிழ்ச்சி. எல்லோரும் மழைக் கைதட்டல் கொடுக்கச் சொன்னார். ஒரு விரல், இரண்டு விரல் என்று தூறலாகத் தொடங்கி ஐந்து விரலில் அடைமழையாக முடியுமே, அதுதான். முப்பது பிள்ளைகள். மூன்றாம் விரலில் யாழினி காதைப் பொத்தினாள். ஐந்தாம் விரலில் வாசலைத் தாண்டியிருந்தாள். கேட்டில்தான் பிடித்தேன். அப்போதும் அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

சித்ராவுக்குப் போன் செய்தால், யாழினியின் அப்பாவும் திருவிழாவில் கொட்டுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். சரியாகச் செய்தபோதெல்லாம் அந்தப் பிள்ளையை நாங்கள் விரட்டியிருக்கிறோம். டீச்சரிடம் கொஞ்சம் கோபமாகவே, இந்தக் கைதட்டல் யார் யோசனை என்று கேட்டேன். நான் வரும்போதெல்லாம் குறிப்பு எழுதிவிட்டுப் போகும் நோட்டை அவர் எடுத்துப் பிரித்தார். 'நன்றாகச் செய்தால் உடனே, எல்லோர் முன்னிலையிலும் பாராட்டவும்.' என் கையெழுத்து, சிவப்பு மை, அடியில் இரண்டு கோடு.

"நாங்க ஒரு நாள்கூடத் தவறலைங்க மேடம்."

பத்தாம் நாள்

காது கேளாத பிள்ளைகள் கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டுவார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பு ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் யாராவது தட்டப் போனால் பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்துக்கொள்ளும். ஒன்பது நாளில் யாழினி ஒரே ஒருமுறை ஓடினாள், அதுவும் மரத்தடி வரை.

பத்தாம் நாள் பார்த்தா ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வர வேண்டும்? யாழினி கரும்பலகையில் தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதினாள். வகுப்பு சத்தமில்லாமல் விரல்களை ஆட்டியது. யாழினி ஓடவில்லை, அத்தனை விரல்களையும் நின்று பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. நன்றாக எழுதிய பிள்ளைக்குக் கைதட்டக்கூட மாட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே தட்டுவதற்குத் தன் கையைத் தூக்கினார். வாசலில் நின்ற தலைமையாசிரியையின் முகம் வெளிறியது. முன்வரிசை மகாலட்சுமி எழுந்து நின்றாள்.

"தட்டுனா அவ வெளிய போயிருவா சார். அவ எங்ககூடவே இருக்கட்டும்."

அதிகாரி தட்டாமலே கையை இறக்கிக்கொண்டார். அதன்பிறகு தலைமையாசிரியை யாழினியை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை எடுக்கவில்லை. நானும் இப்போதெல்லாம் யார் நோட்டிலும் சிவப்பு மையில் எழுதுவதில்லை, பென்சில்தான், பக்கத்திலேயே ஒரு ரப்பரும்.