சாலையில் நேரே இறங்கத் தெரியாத கண்டக்டர்

1954 ஆவணியில் எனக்குப் பேத்தி பிறந்தாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துவிடும். இது அவள் அப்பாவைப் பற்றியது.

என் மகள் பொன்னம்மையின் புருஷன் தாணு, கரமனையிலிருந்து பாளையம் போகும் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர். டிப்போவில் குமஸ்தா ஆக வேண்டுமானால் இலாகா பரீட்சையில் ஜெயிக்க வேண்டும். இரண்டு தடவை இங்கிலீஷில் தோற்றார். வெள்ளைக்காரன் பேச்சில் வரும் சொற்றொடர்களைக் கொடுத்து அர்த்தம் கேட்பார்கள், அங்கேதான் அடி. இனி மூன்றாவது தடவைதான், அதோடு வாய்ப்பு முடிந்துவிடும்.

மனப்பாடத்துக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொற்றொடர். கிள்ளிப்பாலத்தில் ‘பர்ன் யுவர் போட்ஸ்’, திரும்பி வர வழி வைக்காமல் இறங்குவது. சாலை என்கிற கடைத்தெருவில் ‘பிக் இன் எ போக்’, சரக்கைப் பார்க்காமலே வாங்குவது. செக்ரட்டேரியட் வாசலில் ‘ரெட் டேப்’, தாள் மேசையை விட்டு நகராதது. இப்படிப் பன்னிரண்டு. டிக்கெட் கிழித்துக்கொண்டே முணுமுணுப்பார்.

அவர் பிள்ளையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பொன்னம்மை கேட்டாள்.

“சாலையில என்ன?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கரமனை…” என்று ஆரம்பித்தார்.

“நான் சாலையல்லா கேட்டேன்.”

“கரமனையில ஏறாம சாலைக்கு எப்பிடிட்டி போக?”

“அப்போ ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல இருந்து பஸ் ஏறுவியளோ?”

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு, “போன தடவையும் பாதி எழுதுகதுக்குள்ள மணி அடிச்சாச்சு” என்றார்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னிடம் வந்து, “மாமா, அந்த இடத்துப் பேரையெல்லாம் துண்டுத் தாள்ல தனித்தனியா எழுதித் தாருங்கோ” என்றார். எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். வேலை முடிந்ததும் தினம் ஒன்றைக் கண்ணை மூடி எடுப்பார். எந்த இடம் வந்தாலும் அங்கேயே நேராக நடந்து போய் நிற்பார். பார்க்கிற ஆளை வைத்து, அந்த இடத்துச் சொற்றொடரில் புதிதாக ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டுதான் திரும்புவார். மழையிலும் போனார்.

“காய்ச்சல் வந்தா யாரு பரீட்சை எழுத?” என்றாள் மகள்.

“காய்ச்சலோட நான் எழுதுவேன். நீ பிள்ளையப் பாரு.”

பரீட்சைக்கு முந்தின நாள் பொன்னம்மை எந்த இடத்தைக் கேட்டாலும் பதில் உடனே வந்தது.

பரீட்சை முடிந்த அன்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

“எப்பிடி மாப்பிள்ளை?”

“எல்லாம் எழுதியாச்சு மாமா. மணி அடிக்க பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. சும்மா இருந்தேன்.”

ஐப்பசியில் முடிவு வந்தது. அறுபத்திரண்டு மார்க்கு. டிக்கெட் பையை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு, குமஸ்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.