கைப்பிடி அரிசியைத் தின்றவள்

சாட்சி சொல்கிறவர்கள் ஆண்டவர் செய்ததை முதலில் சொல்வார்கள். நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டவருக்கென்று எடுத்துவைத்த அரிசியை நான் தின்றேன். சமைத்து அல்ல. அப்படியே பச்சையாக, கறுக் கறுக்கென்று.

எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடுவோம். அது காணிக்கை. மாதக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோவோம். நானும் போட்டேன். போட்ட கையாலேயே எடுத்தும் தின்றேன்.

என் பெயர் ஷீலா. லிங்கராஜபுரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் டேவிட் வாடகைக் கார் ஓட்டுகிறார். நான் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறேன். எங்களுக்கு ஒரே பெண், ரேச்சல். நான் சொல்லும் சமயத்தில் அவள் யூ.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் சும்மா களைப்பு. யாருக்குத்தான் இல்லை? பேக்கரியில் நாள் முழுக்க நிற்கிறோமே, அதனால் என்று நினைத்தேன். காபி குடித்தால் சரியாகும் என்று குடித்தேன். சரியாகவில்லை, இன்னொன்று குடித்தேன். கிறிஸ்துமஸ் வந்தபோது எங்கள் வீட்டு மாடிப்படியே எனக்கு மலையாகிவிட்டது. பாதியில் உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. அந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸுக்கு நான் போகவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு தெருவில் பாட்டு போவதைக் கேட்டு அழுதேன்.

டேவிட் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது.

"எப்பப் பாத்தாலும் படுத்துக்கினே இருக்க. இன்னாதான் ஆச்சு உனக்கு? ஜுரமா, ஜலதோஷமா, ஏதாவது ஒண்ணு சொல்லு. சும்னே டயர்ட் டயர்ட்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கே தெரியவில்லை. சோம்பேறி என்று அவர் வாயால் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்பார்கள். ஒருத்தி மகன் வேலைக்கு என்பாள், ஒருத்தி மாமியார் கண் ஆபரேஷனுக்கு என்பாள். என் முறை வந்தால் நான், "சொல்ல முடியாத ஒரு விண்ணப்பம்" என்பேன். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னால் யாரும் துருவ மாட்டார்கள். அது ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குப் பின்னால் நான் இரண்டு விஷயத்தை ஒளித்துவைத்திருந்தேன். ஒன்று, இந்த அரிசி. இன்னொன்று, மாதாமாதம் எனக்குப் போகிற ரத்தப்போக்கு. பத்து நாள் வரைக்கும் இழுக்கும். கட்டி கட்டியாகப் போகும். அதையெல்லாம் சபையில் எப்படிச் சொல்வது? என் அக்காவிடமே சொன்னதில்லை.

அரிசி ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். உலைக்குக் களைந்த அரிசியின் வாசம் வந்தால் வாயில் எச்சில் ஊறும். பேக்கரியில் ஜூஸுக்கு வைத்திருக்கும் ஐஸ் கட்டியையும் மென்றேன். வீட்டு அரிசியில் கை வைத்தால் சீக்கிரம் தீர்ந்துபோய் டேவிட் கேட்பார். காணிக்கை டப்பாவை மாதக் கடைசி வரைக்கும் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆண்டவர் பார்ப்பார் என்று தெரிந்தேதான் தின்றேன். தின்றுவிட்டு முழங்காலில் நின்று அழுவேன். மறுநாள் மறுபடியும்.

அப்புறம் லெந்து காலம், சிலுவைப்பாட்டை நினைத்து உபவாசமிருக்கும் நாற்பது நாள், வந்தது. இந்தப் பாவத்தை விடுவதற்கு ஒரே வழி உபவாசம் என்று நானாகவே முடிவு செய்தேன். காலையும் மத்தியானமும் சாப்பாடு கிடையாது, காபி மட்டும். ராத்திரி கொஞ்சம் ரசம் சாதம். பாருங்கள் என் புத்தியை! உடம்பு வேண்டாம் என்று கதறுகிறது, நான் அதையே பட்டினி போட்டு அடிக்கிறேன். ஜெபிக்க ஜெபிக்க இன்னும் சோர்ந்து போனேன். ஆண்டவருக்கு என்மேல் கோபம் என்றே நம்பிவிட்டேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் அது நடந்தது. பேக்கரியில் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். ஸ்கூல் வேன் வந்தது தெரியவில்லை. ரேச்சல் தனியாக மாடியேறி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. பிள்ளை கதவுக்கு வெளியே நின்று அழுது அழுது, ஒன்றுக்குப் போய், யூனிஃபார்ம் நனைந்து நின்றிருக்கிறாள். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதுகூடத் தெரியாமல் நான் தூங்கினேன்.

அன்றைக்கு டேவிட் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

"ஷீலா, பாப்பாவ உங்க அக்கா வீட்ல விட்டுறலாம். ஒண்ணாங் கிளாஸ் அங்கயே சேத்துக்கட்டும். உன்னால முடியல. தப்பா நினைக்காத."

என் அக்கா கோலார் தங்கவயலில் இருக்கிறாள். நல்லவள், ரேச்சலைக் கண்போல் பார்த்துக்கொள்வாள். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. சரி என்றேன். பெற்ற தாய் நான், என் பிள்ளையைக் கொடுக்கச் சரி என்றேன்.

பெரிய வெள்ளி முடிந்து சனிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளியன்று அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் ஜெபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. "அப்பா, என் பிள்ளைய என்கிட்டருந்து பிரிக்காதீங்க. நான் திருடிதான். ஆனா எனக்கு இன்னான்னு நீங்களாவது காட்டுங்க" என்றேன். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே பாஸ்டரம்மா வந்தார்கள். பெயர் ரூபி, நாங்கள் ரூபி அக்கா என்போம். நான் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லையே என்று பார்க்க வந்தவர்கள். பாட்டுப் பாடி, ஜெபித்து முடித்து எழுந்தபோது, "அரிசி டப்பா எங்க ஷீலா? நானே எடுத்துனு போறேன்" என்றார்கள்.

பக்கத்தில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ரேச்சல் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அதுல ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. அம்மா டெய்லி சாப்டுது. கறுக் கறுக்னு."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஓவென்று அழுதுவிட்டேன். ரூபி அக்கா திட்டவில்லை. என் முகத்தைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள்.

"அய்யய்யோ, வெள்ளையா கீதே! ஏண்டி, ஐஸ் கூடத் திங்கிறியா?"

"உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"என் பெரியவ மாசமா இருக்கறப்போ செவுத்துச் சுண்ணாம்ப சொரண்டித் தின்னா. ரத்தம் இல்லன்னாங்க டாக்டர். சரி, மாசம் எத்தன நாள் போவுது உனக்கு?"

சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு ரூபி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்கள். வெளி அறையில் இருந்த டேவிட்டையும் கூப்பிட்டார்கள்.

"இதுக்கா சொல்ல முடியாத விண்ணப்பம்? அடிப்பாவி! டேவிட், பாப்பா நாளைக்கு எங்கயும் போவல. மொதல்ல இவளுக்கு ரத்தம் பாக்கணும்."

சனிக்கிழமை நாங்கள் தங்கவயலுக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனோம். கன்னடக்கார லேடி டாக்டர், தமிழும் பேசுவார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். ஹீமோகுளோபின் ஏழரை, பன்னிரண்டாவது இருக்கவேண்டியது. உடம்பில் சேமித்துவைக்கிற இரும்புச்சத்து கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டிகள். அதனால்தான் அவ்வளவு போக்கு, அதனால்தான் இந்தக் களைப்பு. அரிசியும் ஐஸும் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு வருவதுதான் என்றார். உபவாசம் என்றதும் கையை ஆட்டினார். "பேடம்மா, பேடா. இப்ப வேணாம். சாப்பிடறதே உங்களுக்கு மருந்து."

நான் திருடி இல்லை! நோயாளி! அந்த க்ளினிக் வாசலில் நின்று எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். டேவிட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன்ன எவ்ளோ பேசிட்டேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் ஏறவே இல்லை. ஸ்கூல் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். டேவிட் மறுபடியும் அக்காவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். டாக்டர்தான் கேட்டார், மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று. பேக்கரியில் வேறு எதோடு? சூடான காபியோடுதான்! காபியும் டீயும் பாலும் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். ஆண்டவர் காட்டிய மருந்தை நானே வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

அதன்பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போட்டேன், காபியை ரொம்ப நேரம் தள்ளிவைத்தேன். வயிறு கட்டிக்கொண்டது, மலம் கறுப்பாகப் போனது. பயந்து கேட்டபோது, அது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். முருங்கைக்கீரை, காராமணி, ஞாயிற்றுக்கிழமை ஈரல் என்று டேவிட்டே வாங்கிவந்தார். ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த அன்று ரேச்சலின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வேனில் ஏற்றினேன். திரும்பி ஏறும்போதுதான் கவனித்தேன், பாதியில் உட்காரவில்லை. வீட்டுக்குள் போய் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன்.

ரத்தம் ஏறிய பிறகும் மாத்திரையை நிறுத்தக்கூடாது, சேமிப்பு நிரம்பவேண்டும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் போட்டேன். இப்போதும் அவர் சொல்லும்போது போய் ரத்தம் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகைக்கு, டப்பா கழுத்துவரை நிறைந்திருந்தது. அரிசி ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை. ரேச்சல்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். ஆலயத்தில் முன்னால் கொண்டுபோய், ரூபி அக்கா கையில் கொடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆன்ட்டி, இந்தத் தடவ அம்மா சாப்டவே இல்ல" என்றாள். சபையே சிரித்தது. நான் அழுதேன். என் பிள்ளை என்னிடம் இருக்கிறாள், எனக்கு வேறென்ன வேண்டும்?

பெண்களே, பலம் தாரும் என்று ஜெபியுங்கள், நிச்சயமாகக் கேட்பார். ஆனால் அவர் டாக்டர் வழியாகவும் பதில் கொடுப்பார், வாயைத் திறந்து சொல்லுங்கள். மாதக்கணக்காகக் களைப்பா, ரத்தத்தைப் பாருங்கள். நீங்களாகவே கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ஏன் குறைகிறது என்று முதலில் தெரியவேண்டும். இப்போது எங்கள் கூட்டத்தில் யாராவது, "சொல்ல முடியாத விண்ணப்பம்" என்றால் நான் தலைகுனிந்து ஜெபிக்கிறேன். ஆமென் சொன்னதும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு கேட்கிறேன்: "ஏன்க்கா, அரிசி திங்கிறீங்களா?"